கரன்ட் போனா உங்க வீட்டு சர்வர் என்னாகும்?

2021 ஜூன் 1-ல் கூகுள் போட்டோஸ் இலவச அன்லிமிடெட் சேமிப்பை நிறுத்தியது. 'போட்டோவை வீட்டிலேயே வெச்சுக்கலாமே'ன்னு நீங்களும் யோசிச்சிருப்பீங்க.

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்தால், திருடுபோனாலும் படங்கள் பத்திரம். ஆனால், கரன்ட் போய் வந்தால் மெஷின் பாஸ்வேர்டு கேட்டு அப்படியே நிக்கும். நீங்களோ வெளியூரில்!

இங்கேதான் 'டிராப்பியர்' உதவும். டிஸ்க் திறக்கும் முன்பே ஓடும் இந்தக் குட்டி எஸ்.எஸ்.ஹெச் சர்வரில், மொபைலில் இருந்தே பாஸ்வேர்டு கொடுக்கலாம். கீ இருந்தால் மட்டுமே லாகின் ஆகும்படி வைங்க; ரவுட்டரின் வி.பி.என் வழியா மட்டும் நுழைங்க.

ஒரு சிக்கல்: டிராப்பியர் இருக்கும் பூட் பகுதி பொதுவா என்க்ரிப்ட் ஆகாது. மெஷினைத் தொட முடிந்தவர் அதை மாற்றிவைத்தால், அடுத்து நீங்க டைப் செய்யும் பாஸ்வேர்டு அவருக்குப் போயிடும். அதனால், சர்வர் இருக்கும் அறைக்கும் ஒரு பூட்டு போடுங்க!