கடற்கரை சென்று மீண்ட வண்டி

கோடை விடுமுறையில் விராஜப்பேட்டை வழியாக மாக்கூட்டம் மலைப்பாதையில் இறங்கிக் கண்ணூர் சென்று வருவது, பெங்களூரில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றிற்கு வழக்கமாகிவிட்டது. தலைச்சேரிக்கும் கண்ணூருக்கும் இடையே முழப்பிலங்காடு என்ற ஊரில், ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்திற்கு மணல் இறுகிய கடற்கரை ஒன்று உண்டு. வண்டியோட்டத் தக்க கடற்கரை என்று பெயர் பெற்ற இடம் அது. நான்கு சக்கரங்களும் உந்தும் ஜீப் போன்ற வண்டியை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு அந்த மணலைக் கண்டவுடன் கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. அதன் பயனாக நேர்ந்ததையே இம்மாதம் எழுதுகிறேன்.

அலை வந்து தொட்டுச் செல்லும் ஈர மணலில் அரை மணி நேரம் ஓட்டினேன். குழந்தைகள் கைகொட்டினர். திரும்பும் வழியில் சாலையோரத்து வாட்டர் சர்வீஸ் ஒன்றில் வண்டியைக் கழுவச் செய்தேன். மேலெல்லாம் பளபளவென்று வந்தது. அடியில் குனிந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அதன்பின் இரண்டு மழைக்காலங்கள் கழிந்தன. ஒருநாள் சேலத்துச் சாலையில் குறுக்கே ஓடிவந்த மாட்டுக்காகப் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். மிதிகட்டை தளர்ந்து தரையை நோக்கி இறங்கிவிட்டது. இப்போதைய வண்டிகளில் பிரேக் இரண்டு தனிச் சுற்றுகளாக அமைந்திருப்பதால் பாதி பிரேக்காவது எஞ்சியது. மாடும் பிழைத்தது, நாங்களும் பிழைத்தோம். பின் சக்கரத்திற்குப் பிரேக் எண்ணெய் கொண்டு செல்லும் சிறு எஃகுக் குழாய், சாசியோடு கிளிப்பால் பிணைக்கப்பட்டிருந்த இடத்தில் துருவேறி வெடித்திருந்தது. கிளிப்பைக் கழற்றிய மெக்கானிக் அதனுள் இருந்த மணலை என் உள்ளங்கையில் கொட்டினார். கண்ணூர் மணல்!

துரு என்றதும் வண்டியின் அழகு கெடுவதையே நாம் நினைக்கிறோம். கதவில் தெரியும் துரு கண்ணுக்குத்தான் கேடு. உயிருக்குக் கேடு செய்யும் துரு, குனிந்தாலும் எளிதில் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஆகையால் அதன் போக்கைச் சற்று விளங்கிக்கொள்ளுதல் நலம்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் போதும். உப்பு, அவ்வேலையைப் பன்மடங்கு விரைவுபடுத்தும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. நீர் உலர்ந்து போகும், உப்பு போகாது. அதில் சோற்றுப்பு மட்டுமன்றி மக்னீசியம் குளோரைடும் உண்டு. சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போதுதான் கசியத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அடுக்களை உப்புச் சாடி கசிவதைக் காணாத இல்லத்தரசி யார்? அதே கசிவு வண்டியின் அடியில் ஆண்டு முழுதும் நடந்துகொண்டிருக்கும். நம் ஊர் கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறதே என்ற ஆறுதலுக்கு இடமில்லை. கடலை நாமே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

அப்படியானால் செய்ய வேண்டியது யாது? முதலாவது, அன்றே கழுவுதல். பெங்களூர் திரும்பிய பின் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்பது ஆகாது. தங்கும் விடுதியில் குழாய் இருந்தால் அங்கேயே கழுவலாம். ஆனால் கடலோரக் கிணற்று நீரை நாவில் வைத்துப் பார்த்துக்கொள்க. கரிப்பாக இருந்தால் உப்பை உப்பால் கழுவியதாகும்.

இரண்டாவது, விசையைவிட நீரின் அளவு முக்கியம். சர்வீஸ் நிலையத்தில் பீச்சும் வேகமான நீர், மணலையும் உப்பையும் பேரிங்குகளின் சீலுக்குள்ளும் மின்கம்பி இணைப்புகளுக்குள்ளும் தள்ளிவிடக்கூடும். தோட்டத்திற்கு நீர் தெளிக்கும் சுழல் தெளிப்பானை வண்டியின் அடியில் வைத்து, கால் மணி நேரம் ஓரிடமும் கால் மணி நேரம் மற்றோரிடமுமாக ஓடவிடுவது ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் வண்டியோட்டுவோர் கையாளும் எளிய முறை. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நமக்கு இது கைவராது என்பதை அறிவேன். வாளியும் ரப்பர்க் குழாயுமே போதும், பொறுமை இருந்தால். பிரேக் தட்டுகள் சூடாக இருக்கையில் மட்டும் குளிர்ந்த நீரை ஊற்றலாகாது, அவை கோணிவிடும்.

இவ்வகை வண்டிகள் பலவற்றின் உடல், ஏணி போன்ற சாசியின்மேல் அமர்ந்திருக்கிறது. அந்த ஏணியின் நீண்ட கைகள் பெரும்பாலும் உள்ளீடற்ற பெட்டிக் குழல்கள். அவற்றில் ஆங்காங்கே துளைகள் உண்டு. அத்துளைகளின் வழியே மணல் உள்ளே புகுந்து, ஈரத்தோடு அப்படியே படிந்து கிடக்கும். குழாய் முனையைத் துளைக்குள் செலுத்தி, வெளிவரும் நீர் தெளியும் வரை விடவேண்டும். சக்கர வளைவுகளின் உள்விளிம்பு, பெட்ரோல் தொட்டியின் மேற்புறம், எஞ்சினின் கீழுள்ள காப்புத்தகடு, பட்டை ஸ்பிரிங்குகளின் இடுக்கு ஆகியவற்றையும் கையால் தடவிப் பார்க்கவும். ரேடியேட்டருக்கு மெல்லிய நீரே போதும். உள்ளே காலடி விரிப்புகளை எடுத்துவிட்டு ஈரத்துணியால் தரையைத் துடைக்க வேண்டும். குழந்தைகளின் காலோடு வந்த மணல், தரைத்தகட்டை உள்ளிருந்தே தின்னும். எல்லாம் முடிந்தபின் சிறிது தூரம் ஓட்டி, இடையிடையே பிரேக் பிடித்து உலர்த்துக.

சக்கரத்தின் நடுக்குடம் வரை கடல்நீரில் இறக்கியிருந்தால் இதுவும் போதாது. ஓடிச் சூடேறிய ஆக்ஸில் குளிர்ந்த நீரில் அமிழ்ந்ததும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத்துளை வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ நீரை உறிஞ்சும். டிஃபரென்ஷியல் எண்ணெயைத் திறந்து பார்த்து, பால் கலந்த காப்பி போலிருந்தால் உடனே மாற்றுக. அதைவிட மேலானது அலையில் இறங்காமலிருப்பது. புகைப்படத்திற்காக நீரில் வண்டியை இறக்கி, மணலில் புதைந்து, கயிறு கேட்டு நிற்போரை நான் கண்டிருக்கிறேன். கோவாவில் கடற்கரையில் வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம் என்பதையும், ஆமைகள் முட்டையிடும் கரைகளில் சக்கரத்தடம் அவற்றின் குலத்தையே நசுக்கும் என்பதையும் அன்பர்கள் மறக்கலாகாது. முழப்பிலங்காட்டிலும் அன்றைய அனுமதியைக் கேட்டறிந்த பின்னரே இறங்கவும்.

துருக்காப்புப் பூச்சு குறித்து அடிக்கடி வினவுகின்றனர். கறுப்பு ரப்பர்ப் பூச்சு, சுத்தமான உலர்ந்த இரும்பின்மேல் பூசப்பட்டால் நல்லது. உப்பும் துருவும் இருக்கும் இடத்தின்மேல் பூசினால், அது ஈரத்தை உள்ளே பூட்டிவைத்துத் துருவைக் காப்பாற்றும் பூச்சாகிவிடும்! பெட்டிக் குழல்களின் உட்புறத்திற்கு மெழுகு வகைப் பூச்சே ஏற்றது. பழைய எஞ்சின் எண்ணெயையோ டீசலையோ அடியில் பீச்சும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அதை நான் ஒப்பமாட்டேன். ரப்பர் புஷ்கள் ஊதிக் கெடும். பிரேக்கில் பட்டால் ஆபத்து. மழையில் கரைந்து ஏரிக்கும் போகும்.

சிறு துருவைக் கம்பித்தூரிகையால் தேய்த்து, துத்தநாகம் கலந்த முதற்பூச்சிட்டு, அதன்மேல் வண்ணம் பூசுக. முழுதும் தேய்க்க இயலாத மூலைகளுக்கு, துருவைக் கருநிறப் பொருளாக மாற்றும் திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் பலவற்றில் இருப்பது டானிக் அமிலம். நம் பாட்டனார் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதுமை காய்ச்சினாரே, அதே இரசாயனந்தான்: கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு கூடிக் கறுக்கும்.

பழைய வண்டி வாங்கக் கருதுவோர் கேட்பதால் இதையும் சேர்க்கிறேன். கடலோர ஊரில் பதிவான வண்டியாயின் மேற்பூச்சைப் பார்த்து மயங்க வேண்டாம். லிஃப்டில் ஏற்றச் சொல்லி, சாசியை ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வருக. நல்ல இரும்பு கணீரென்னும்; துருத்தது மொத்தென்னும். அடியில் புதிதாகக் கறுப்பு பூசியிருந்தால், ஏன் பூசினீர்கள் என்று கேட்கவும். பிரேக் குழாயைக் கிளிப்புகள் உள்ள ஒவ்வோர் இடத்திலும் துடைத்துப் பார்க்கவும். செதில் செதிலாக உரிந்து வந்தால், விலை பேசுவதற்கு முன்பே குழாயை மாற்றித் தரச் சொல்லுங்கள்.