பெயர் பொறிக்காத நீலச் சிலுவை

முதல் உலகப் போரில் பிரிட்டன் தன் சிப்பாய்களுக்குக் கொடுத்த பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால், பெற்றவரின் பெயரும் எண்ணும் படைப்பிரிவும் அங்கே அடித்திருக்கும். இந்தியச் சிப்பாய்க்குப் போனதிலும் அப்படித்தான். ஜெர்மனியின் உயர் விருதுகளில் இந்த வழக்கம் இல்லை. பிரஷ்யாவின் தலையாய போர் விருதான பூர் லெ மெரித் நீல எனாமல் பூசிய ஒரு சிலுவை. கைகளுக்கு இடையே நான்கு பொற்கழுகுகள், மேல்கையில் இரண்டாம் ஃபிரெடெரிக் மன்னரின் முதலெழுத்தும் கிரீடமும். பெற்றவரின் பெயரை மட்டும் அதில் எங்கும் காண முடியாது. 1916 ஜனவரி 12 அன்று, தலைக்கு எட்டு எதிரி விமானங்களை வீழ்த்தியதற்காக மாக்ஸ் இம்மெல்மனும் ஓஸ்வால்ட் பெல்க்கேயும் இதைப் பெற்றார்கள். விமானிகளில் அவர்களே முதல்வர்கள். 1914இல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த எம்டன் கப்பலின் தலைவர் கார்ல் ஃபோன் முல்லருக்கும் பின்னாளில் இதே விருதுதான் கிடைத்தது. இந்தச் சிலுவைகளை ஒரே மேசையில் கலந்து வைத்தால் எது எவர் கழுத்தில் கிடந்தது என்று சொல்ல உலோகத்தால் மட்டும் ஆகாது. அதனால்தான் ஜெர்மன் விமானப்படை விருதுகளை வாங்குபவர்களும் விற்பவர்களும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும் என்கிறேன். இந்தப் பொருள் எப்போது, யாரால் செய்யப்பட்டது? இது இன்ன மனிதருக்குத்தான் வழங்கப்பட்டது என்பதற்கு என்ன ஆதாரம்? சந்தை இவற்றை ஒன்றாக்கி ‘ஒரிஜினல்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது.

அந்தச் சொல் போதாது என்பதற்குப் பூர் லெ மெரித்தே சாட்சி. 1916இன் இறுதிவரை அதைத் தங்கத்தில் செய்தார்கள். போர்ச் செலவு கழுத்தைப் பிடித்தபின் தங்க முலாமிட்ட வெள்ளிக்கு மாறினார்கள். 1918 நவம்பரில் ஜெர்மன் பேரரசர் கைசர் முடிதுறந்ததோடு போர்வீரர்களுக்கு அதை வழங்குவது நின்றுபோயிற்று. பெற்றவர்கள் அணிவதை நிறுத்தவில்லை. விழாவுக்கு ஒன்று, அன்றாடம் அணிய ஒன்று என்று பெர்லின் கோடே போன்ற நகைக்கடைகளில் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொண்டார்கள். 1920களிலும் 30களிலும் அந்த வேலை தொடர்ந்தது. அப்படி வாங்கிய ஒன்றை உரியவரே பல ஆண்டுகள் அணிந்திருக்கலாம். அதைப் போலி என்று தள்ளுவது அநியாயம். அரசு வழங்கியது என்று விற்பது பொய். இரண்டாம் உலகப் போர் விருதுகளில் சிக்கல் இன்னும் கூடுகிறது. 1957இல் மேற்கு ஜெர்மனி இயற்றிய சட்டம் ஸ்வஸ்திகா நீக்கப்பட்ட வடிவில் பழைய விருதுகளை அணிய அனுமதித்தது. போர்க்காலத்தில் விருதுகளைச் செய்துகொடுத்த லூடென்ஷைட் நகரத்து ஷ்டைன்ஹவர் உண்ட் லூக் நிறுவனமே புதிய வடிவங்களையும் செய்தது. ஆகவே செய்தவர் யார் என்று தெரிவதால் செய்த காலமும் தெரிந்துவிட்டதாக ஆகாது.

செய்த காலத்தை அறிய நல்ல வழிகள் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அசல் சின்னத்தை அச்சாக எடுத்து வார்த்த நகல், உலோகம் ஆறும்போது சுருங்குவதால், அசலைவிட இம்மியளவு சிறியதாக இருக்கும். உருப்பெருக்கியில் ஊசித்துளைகளும் மழுங்கிய இறகு நுனிகளும் தெரியும். எஃகு அச்சில் அழுத்தி அடித்ததில் கோடுகள் கூர்மையாக நிற்கும். அதைவிட மதிப்புள்ள சாட்சி அச்சில் விழும் விரிசல். ஒரே அச்சு ஆயிரக்கணக்கில் அடிக்கும்போது ஓரிடத்தில் வெடித்து, அந்த வெடிப்பு அடிக்க அடிக்க வளரும். சிறிய விரிசல் உள்ளது முன்னது, பெரிய விரிசல் உள்ளது பின்னது. ஐயமற்ற போர்க்காலப் பொருள்களோடு வைத்துப் பார்த்தால் ஒரு சிலுவை அந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று காட்டலாம். இரண்டாம் உலகப் போர் விமானியின் மார்புச் சின்னத்தில் கழுகைத் தனியாகச் செய்து மாலைமேல் ரிவெட் அடித்திருப்பார்கள். போர் நீள நீளச் செம்புக் கலவை கிடைக்காமல் துத்தநாகத்துக்குப் போனார்கள். 1939இல் வழங்கியதாகச் சொல்லும் பத்திரத்தோடு துத்தநாகச் சின்னம் வந்தால் அந்த இரண்டும் சேர்ந்தே பிறந்தவை என்று நம்பக் காரணமில்லை. சில்லறை விற்பனைக்கான ‘எல்’ எண் முத்திரை இன்னும் நுட்பமானது. விருது செய்வோரின் கூட்டமைப்பு 1941இல் உண்டாக்கிய முறை அது. அந்த எண் உள்ள சின்னம் போர்க்காலத்ததாகவே இருக்கலாம். ஆனால் அது கடையில் வாங்கியதற்கே அடையாளம், கையில் கொடுத்ததற்கு அல்ல. புற ஊதா விளக்கில் ரிப்பன் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் போருக்குப் பிந்தைய நூல் என்பார்கள். இன்றைய சலவைத்தூளில் ஒருமுறை துவைத்த பழைய ரிப்பனும் அப்படி ஒளிரும். எந்தச் சோதனையும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது.

இரண்டாவது கேள்விக்கு வந்தால் நிலைமை கடினம். 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் மீது விழுந்த குண்டுகளில் பிரஷ்ய ராணுவ ஆவணக் காப்பகம் அழிந்தது. முதல் உலகப் போரில் பறந்தவர்களில் பெரும்பாலோரின் பணிப்பதிவு அதோடு போயிற்று. பவேரியாவின் பதிவுகள் மியூனிக்கில் தப்பிப் பிழைத்ததால் பவேரிய விமானி ஒருவரைப் பற்றி இன்றும் நிறைய அறியலாம். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் விமானப்படையான லுஃப்ட்வாஃபே தன் காகிதங்களில் பெரும்பகுதியைப் போரின் முடிவில் தானே எரித்தது. எஞ்சியது குடும்பங்களிடம் இருக்கும் வழங்கல் பத்திரம், பறப்புப் பதிவேடு, புகைப்படம் இவ்வளவே. பதிவேட்டில் உள்ள தேதியும் படைத்தளமும் வேறொரு மூலத்தோடு ஒத்துப்போனால் அதற்கு எடை உண்டு. கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்கு எடை இல்லை. முதல் உலகப் போரின் ஜெர்மன் விமானி மான்ஃப்ரெட் ஃபோன் ரிக்ட்ஹோஃபென் ஒவ்வொரு வெற்றிக்கும் பெர்லின் பொற்கொல்லரிடம் ஒரு சிறு வெள்ளிக் கோப்பை செய்து, வெற்றி எண், விமான வகை, தேதி பொறித்து வைத்தார். பத்தாவது, இருபதாவது என்று வருபவை பெரியவை. வெள்ளி கிடைக்காமல் அறுபதோடு நிறுத்தினார். ஷ்வைட்னிட்ஸ் நகரிலிருந்த அவருடைய வீட்டில் அருங்காட்சியகம் வைத்திருந்தார்கள். 1945இல் அங்கிருந்தவை சிதறிப்போயின. கோப்பையின் அளவும் வாசகமும் நூல்களில் விவரமாக இருப்பதால், அதே வாசகத்தோடு இன்று ஒரு கோப்பை தோன்றினால் வாசகமே அதற்குச் சாட்சியாக முடியாது. 1940இல் லுஃப்ட்வாஃபே தலைவர் கோரிங் ஏற்படுத்திய கௌரவக் கோப்பையில் பெயர் பொறிக்கும் வழக்கம் உண்டு. பெயர் இல்லாத கோப்பையை வாங்கிப் பிற்பாடு பெயர் வெட்டுவதும் எளிது. அங்கே உருப்பெருக்கிக்குத்தான் வேலை. பழைய கறுப்பை வெட்டிக்கொண்டு போன புதிய கோடும், கறுப்பேறி மழுங்கிய பழைய கோடும் ஒன்றுபோல் இரா.

அனுபவசாலிகள் இதைக் கேட்டால், கண் பார்த்துச் சொல்லும், முப்பது ஆண்டு கையாண்டவனுக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்பார்கள். அந்தக் கண்ணை நான் மதிக்கிறேன். எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று அது சொல்லும். அந்த உதவி பெரிது. ஆனால் அனுபவக் கண் எந்தத் தொகுப்பைப் பார்த்துப் பழகியதோ அந்தத் தொகுப்பின் பிழைகளையும் சேர்த்தே கற்றுக்கொண்டிருக்கும். போருக்குப் பின் அடித்த சிலுவைகள் பல ஆண்டுகளாக நல்ல கைகளில் அசலாகவே உலவின; அவற்றைப் பார்த்துப் பழகிய கண்களே அவற்றுக்குச் சான்றும் அளித்தன. அச்சு விரிசலை வரிசைப்படுத்தி ஆராய்ந்த பிறகுதான் பல மதிப்பீடுகள் மாறின. காரணம் எழுதப்பட்ட தீர்ப்பை இன்னொருவர் சோதிக்கலாம், திருத்தலாம். காரணம் சொல்லாத தீர்ப்பை நம்பலாம் அல்லது நம்பாதிருக்கலாம், அவ்வளவே.

காரணங்களை வெளியிட்டால் போலி செய்பவன் கற்றுக்கொள்வான் என்பது அதைவிட வலுவான ஆட்சேபம். ஓரளவு உண்மையும் கூட. முத்திரை எழுத்தின் பிழையைச் சொன்னால் அடுத்த தடவை சரியாக அடிப்பான். ஆனால் ரகசியம் யாரைக் காக்கிறது? போலிக்காரன் அசலை வாங்கி அருகில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறான். தெரியாமல் இருப்பவர் வாங்குபவர்தான். மேலும் விரிசல் வளர்ந்த வரிசை, முலாம் தேய்ந்த விதம், ஓர் ஆவணம் மற்றொன்றோடு பொருந்தும் விதம் ஆகியவற்றைத் தெரிந்துகொள்வது வேறு, அத்தனையையும் ஒருசேரப் பொய்யாக உண்டாக்குவது வேறு. ஒரு சோதனையை ஏமாற்றலாம். ஒன்றையொன்று சாராத பல சோதனைகளையும் ஏமாற்றச் செலவும் உழைப்பும் மிகும்.

ஸ்வஸ்திகா தாங்கிய பொருளை இவ்வளவு அக்கறையோடு ஆராய்வது எதற்கு, அழிந்தால் என்ன என்று கேட்பவரும் உண்டு. அந்த அருவருப்பு நியாயமானது. ஜெர்மனியே அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதைக் குற்றமாக்கி, ஆராய்ச்சி, கல்வி போன்ற நோக்கங்களுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. ஆனால் இந்த வகைப் பொருளைச் சுற்றி வழிபாட்டை வளர்ப்பது பெரும்பாலும் ஆதாரமற்ற கதைதான்: இன்ன சாகசக்காரர் கடைசிப் பறப்பில் அணிந்தது என்ற ஒரு வரி. அந்த வரிக்கு ஆதாரம் கேட்டால் சாகசத்தோடு சேர்த்து அந்த மனிதர் எந்தப் படையில், எந்த ஊரின்மேல், என்ன செய்தார் என்பதும் வெளியே வரும். கௌரவக் கோப்பை பெற்ற குண்டுவீச்சு விமானியின் பறப்புப் பதிவேட்டில் குண்டு விழுந்த நகரங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஆகவே ஏலக் கடைகள் தங்கள் பட்டியலில் ‘ஒரிஜினல்’ என்பதை விட்டுவிட்டு மூன்றைத் தனித்தனியே எழுதட்டும்: எந்தக் காலத்தில் செய்யப்பட்டது, ஏன் அப்படி நினைக்கிறோம்; யாருக்கு வழங்கப்பட்டது என்பதற்கு என்ன ஆவணம், அது எங்கே இருக்கிறது; பிற்காலத்தில் பழுது பார்த்ததும் சேர்த்ததும் எவை. இரண்டாவது இடத்தில் எழுத ஒன்றுமில்லை என்றால் ‘ஆதாரம் இல்லை’ என்று அச்சிட வேண்டும். விலையையும் அதற்கேற்பவே வைக்க வேண்டும்.