தற்காப்பா, மனமாற்றமா?



1963 ஏப்ரல் 12, பெரிய வெள்ளி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில், கறுப்பின மக்களின் உரிமைக்காக அறவழியில் ஊர்வலம் சென்ற மார்ட்டின் லூதர் கிங் கைது செய்யப்பட்டார். அதே திகதியிட்டு வெள்ளையினச் சமயத் தலைவர்கள் எண்மர் அறிக்கையொன்றை வெளியிட்டனர். அப்போராட்டம் விவேகமற்றது, காலத்துக்கு ஒவ்வாதது என்றனர். ஒப்பமிட்டோருள் கத்தோலிக்கத் துணை ஆயர் ஜோசப் டியூரிக்கும் ஒருவர்.

நல்லவர்களையும் பீடிக்கும் நோய் இது. 'எங்களைப் புறக்கணிக்கிறீர்கள்' என்ற குரல் எழுந்ததும், காயத்தைப் பார்க்குமுன் முறையிட்டவரின் தொனியைக் குறைகூறுகிறோம். 'நான் எவரையும் வெறுப்பதில்லையே' என்று நம்மை நாமே நீதிமான்களாக்கிக் கொள்கிறோம்.

ஆதித் திருச்சபையிலும் இத்தகைய முறைப்பாடு எழுந்தது. அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை (திருத்தூதர் பணிகள் 6). திருத்தூதர்கள் வாதாடவில்லை, எழுவரை ஏற்படுத்தினார்கள். அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே! குறைபட்ட தரப்பினரை நம்பியே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது எனலாம்.

கிங் சிறையிலிருந்து எழுதிய மறுமொழி உலகறிந்தது. ஆயர் டியூரிக்கும் மாறினார். பின்னர் டெனசி மாநிலத்தின் நாஷ்வில் மறைமாவட்டத்தில் பணியாற்றியபோது இனநீதிக்காக வெளிப்படையாகக் குரல் கொடுத்தார். அதனால் வந்த எதிர்ப்பையும் தாங்கினார்.

'இங்கு எங்களுக்கு இடமில்லை' என்று நம் பங்கில் ஒருவர் சொல்லும்போது, விளக்கமளிக்க விரையாது செவிமடுப்போம். ஆலயத்தில் தம்மை நியாயப்படுத்திய பரிசேயர் வெறுமையாய்த் திரும்பினார். மார்பில் அறைந்துகொண்ட வரிதண்டுபவரே இறைவனுக்கு ஏற்புடையவரானார்.