காம்பின் நீளத்தைப் பாருங்கள்

பழங்காலக் குடை ஒன்றின் படத்தைப் போட்டு, "அடடா, என்ன வேலைப்பாடு!" என்று உருகுவது இப்போது ஒரு ரசனையாகியிருக்கிறது. வெண்பட்டு, சரிகைத் தொங்கல், மூங்கில் கம்பிகள், உச்சியில் கலசம். எல்லாம் சரி. நான் ராசிபுரத்துக்காரன். தறிச் சத்தத்தில் வளர்ந்தவனுக்குப் பட்டின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனா அந்தப் படத்துல யாரும் பார்க்காத ஒண்ணு இருக்கு: காம்பு.

ஆள் உயரத்தைத் தாண்டிய காம்பு அது. நிழலில் இருப்பவர் அதைப் பிடிப்பதில்லை. பிடிக்க இன்னொருவர் வேண்டும், அவர் வெயிலில் நிற்க வேண்டும். ராஜாக்களின் கொற்றக்குடை வடிவமைப்பே இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது.

"கலையில ஏன் சாதியக் கொண்டாறீங்க?" என்பார்கள். கொண்டுவந்தது நானில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்கசாதியினர் எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் அவற்றைத் தன் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். தங்க நகை கூடாது, சட்டை கூடாது என்று போகும் பட்டியலின் எட்டாவது தடை: ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பும் போடக் கூடாது. துணியும் குச்சியும் சேர்ந்த ஒரு பொருளுக்கு ஏன் இவ்வளவு பயம்? நிழல் ஓர் அந்தஸ்து என்பது தடை போட்டவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ரசிக்கிற நமக்குத்தான் மறந்துபோச்சு.

வடிவமைப்பைத்தான் பேசணும்னா 1852க்கு வாங்க. இங்கிலாந்தின் சாமுவேல் ஃபாக்ஸ் எஃகுக் கம்பியை வாய்க்கால் மாதிரி குழிவாக்கிக் குடைக்குப் போட்டார். எடை குறைந்தது, பலம் குறையவில்லை. தன் தலைக்குத் தானே, ஒற்றைக் கையில் பிடிக்கிற லேசான குடை அந்த வழியில் வந்தது. நம்ம பஸ் ஸ்டாண்டு ஓரத்துல ஒடிஞ்ச ஒரு கம்பியை மட்டும் மாத்தி, துணியைத் தைச்சுக் கொடுக்கிறாரே, அந்தக் கைக்கும் வேலைப்பாடுன்னுதான் பேரு. அவரை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

பழைய குடைகளை எரிக்கச் சொல்லவில்லை. மியூசியத்தில் வையுங்கள், செய்த கைகளைப் பற்றி எழுதுங்கள். கூடவே ஒரு வரி சேருங்கள்: இதைப் பிடித்தவர் வெயிலில் நின்றார். அந்த வரி இல்லாத ரசனை, பாதிக் குடையைப் பார்த்த ரசனைதான்.