ஹோமுக்குப் போகிறீர்களா, பாட்டி?



உயர்நிலை இரண்டில் என்னிடம் தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் சென்ற ஆடி மாதத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. விடுப்புக் கடிதத்தில் 'குடும்பக் காரணம்' என்று மட்டுமே எழுதியிருந்தது. மூன்றாம் நாள் வகுப்பு முடிந்ததும் என் மேசையருகே வந்து நின்று, "சார், நர்சிங் ஹோமுக்குத் தமிழில் என்ன?" என்று கேட்டான். 'தாதிமை இல்லம்' என்றேன். (கட்டுரை எழுதத்தான் கேட்கிறான் என்று எண்ணி உள்ளூர மகிழ்ந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.) அவன் முகம் வாடிவிட்டது.

நடந்தது இதுதான். அவனுடைய பாட்டி வீவக ஈரறை வீட்டில் தனியே வாழ்பவர். முதுமை மறதி நோயின் தொடக்க நிலை. குளியலறையில் வழுக்கி விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இனி அவர் தனியே வாழ முடியுமா, அதைத் தாமே முடிவு செய்யும் மனத்திறன் அவருக்கு உண்டா என்பதை அறியச் சமூக சேவையாளர் ஒருவர் படுக்கையருகே வந்திருக்கிறார். பண்பானவர், ஆனால் தமிழ் அறியாதவர். பையனின் பெற்றோர் இருவரும் வேலையில். ஆகவே பதினான்கு வயதுப் பிள்ளை மொழிபெயர்ப்பாளன் ஆனான்.

"ஹோமுக்குப் போக விருப்பமான்னு கேட்டேன் சார். 'போகணும்யா, எப்ப விடுவாங்க?'ன்னு பாட்டி சொன்னாங்க. நான் யெஸ்னு சொல்லிட்டேன்."

பாட்டிக்கு ஹோம் என்றால் தம் வீடு. சேவையாளரின் குறிப்பேட்டில் அது தாதிமை இல்லம். அன்று கேட்கப்பட்ட இன்னொரு கேள்வி, இன்று என்ன நாள் என்பது. "நாளைக்கு ஆடி வெள்ளி" என்றாராம் பாட்டி. பேரனுக்கு அது விளங்கவில்லை. "தெரியவில்லை என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான். அன்று வியாழக்கிழமை. பாட்டியின் விடை முற்றிலும் சரி.

அந்தச் சேவையாளரைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. ஒரு நாளில் எத்தனை படுக்கைகளுக்கு அவர் செல்ல வேண்டுமோ! இத்தகைய மதிப்பீடே வேண்டாம் என்போர் பக்கமும் நான் இல்லை. சிங்கப்பூரில் நாம் அனைவரும் செய்தித்தாளில் படித்த வழக்கு ஒன்று உண்டு. செல்வந்தரான ஒரு முதிய விதவை, சுற்றுலா வழிகாட்டியாக அறிமுகமான ஒருவரை நம்பித் தம் வீட்டில் தங்கவைத்தார். 2012இல் எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரத்தின் வழி அவருக்கு அதிகாரமும் அளித்தார். 2014இல் அம்மூதாட்டிக்கு முதுமை மறதி நோய் இருப்பது கண்டறியப்பட்டது. அதே ஆண்டு அப்பத்திரம் ரத்தானது. அவரிடமிருந்து 11 இலட்சம் வெள்ளியைக் கையாடிய குற்றத்திற்காக அந்த ஆடவர் 2016இல் சிறை சென்றார். யாரேனும் உரிய காலத்தில் உள்ளே நுழைந்து பார்க்கத்தான் வேண்டும். என் கேள்வி, எந்த மொழியில் பார்க்கிறார்கள் என்பதே.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. நம் மனத்திறன் சட்டம் 2008இல் நிறைவேறி 2010 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. திறனற்றவர் என்று நிறுவப்படும் வரை ஒவ்வொருவரும் திறனுடையவர் என்றே கொள்ள வேண்டும் என்கிறது அது. அவர் முடிவெடுக்க இயன்ற உதவிகள் அனைத்தையும் செய்து பார்த்து, அவை பயனற்றுப் போன பின்னரே முடியாதவர் எனக் கருதலாம். பிறருக்கு அறிவற்றதாகத் தோன்றும் ஒரு முடிவை எடுத்ததாலேயே ஒருவர் திறனற்றவர் ஆகிவிட மாட்டார். (அப்படியானால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம்?) பார்க்க வேண்டியவை நான்கு: சொல்லப்பட்ட செய்தியைப் புரிந்துகொள்கிறாரா, அதை மனத்தில் இருத்துகிறாரா, சீர்தூக்கிப் பார்க்கிறாரா, தம் முடிவை ஏதேனும் ஒரு வழியில் வெளிப்படுத்துகிறாரா. அதுவும் குறிப்பிட்ட ஒரு முடிவைப் பற்றி, குறிப்பிட்ட அந்நேரத்தில். வீட்டை விற்கும் கணக்குப் புரியாதவருக்கு, எங்கே வாழ விருப்பம் என்பது நன்றாகவே தெரிந்திருக்கலாம். நாள், கிழமை கேட்கும் நினைவாற்றல் சோதனை இந்நான்கிற்கும் மாற்று ஆகாது.

செய்தியை அவரவர் நிலைக்கு ஏற்ற முறையில், எளிய மொழியிலோ படங்களாலோ விளக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டிக்கு எளிய மொழி என்பது தமிழன்றி வேறென்ன? அதுவும் நாம் வகுப்பில் கற்பிக்கும் தமிழன்று, அவர் சமையலறையில் பேசும் தமிழ்.

குடும்பத்தார் மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மகனோ மகளோ தீயவர் என்பதால் அன்று. "அம்மாவுக்கு இது புரியாது" என்று முன்பே முடிவு செய்துவிட்டவர், கேள்வியைச் சுருக்குவார், விடையைத் திருத்துவார், சில வேளை அம்மாவிடம் கேட்காமலே விடை சொல்லிவிடுவார். பெற்றோர் சந்திப்பு நாளில் பிள்ளையிடம் நாம் கேட்கும் கேள்விக்குத் தாய் விடை சொல்வதை ஆசிரியர்களாகிய நாம் அறியாதவர்களா? சிறுவனை அப்பணியில் அமர்த்துவதோ கொடுமை. பாட்டி தாதிமை இல்லத்திற்குப் போக நேர்ந்திருந்தால், அந்த 'யெஸ்' அவனோடு ஆயுள் முழுதும் வந்திருக்கும்.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. அதற்கு முந்திய 2010ஆம் ஆண்டில் அது 3.3 விழுக்காடு. ஆகவே எல்லா இடத்திலும் தமிழறிந்த சேவையாளரை எதிர்பார்க்க இயலாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கேட்கலாமே! மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இன்றில்லாவிட்டால் நாளை வாருங்கள் என்று கேட்க நம்மவர்கள் கூசுகிறார்கள். ஒரு நாள் தள்ளிப்போனால் தொந்தரவு என்று எண்ணுகிறார்கள்.

இன்னொரு செய்தி, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு. பிள்ளைக்கு 21 வயது நிரம்பிய பின், தாய் தந்தை என்ற உரிமையால் மட்டும் அவருக்காகக் கையெழுத்திட முடியாது. நீதிமன்றம் உங்களைப் பிரதிநிதியாக நியமிக்க வேண்டும். அதற்கு மருத்துவரின் அறிக்கை தேவை. சிறப்புக் கல்விப் பள்ளிகளின் வழியே இவ்விண்ணப்பத்திற்கு உதவும் ஏற்பாடு உண்டு, பள்ளியில் விசாரியுங்கள். திறனோடு இருக்கும் பெரியவர்கள் எல்பிஏ செய்து வைப்பது நலம். பத்திரம் எழுதுபவர் தெரிந்தே எழுதுகிறாரா என்று சான்றளிப்பவர் உறுதி செய்ய வேண்டும். தாத்தா பாட்டிக்குத் தமிழ் பேசும் மருத்துவரையோ வழக்கறிஞரையோ தேடிப் பிடியுங்கள்.

பையனின் தந்தையிடம் அன்றே தொலைபேசியில் பேசினேன். அவர் மருத்துவமனையிடம் சொல்ல, அவர்களும் முகம் சுளிக்காமல், தமிழ் தெரிந்த சேவையாளர் ஒருவரை மறுவாரம் அனுப்பினார்கள். காலையில், பாட்டி கோப்பி குடித்த பிறகு வந்தாராம். தாதிமை இல்லம் என்றால் என்ன, வீட்டுக்குப் போனால் என்ன ஆபத்து என்று படங்களைக் காட்டிப் பொறுமையாக விளக்கியிருக்கிறார். "மறுபடி விழுவேன்னு தெரியும்மா. அங்க போனா என்கிட்ட யாரு பேசுவா?" என்றிருக்கிறார் பாட்டி. சீர்தூக்கிப் பார்ப்பது என்று சட்டம் சொல்வது இதைத்தானே?

பாட்டி இப்போது வீட்டில்தான் இருக்கிறார். குளியலறையில் கைப்பிடி பொருத்தியிருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு இப்படி என்பது அவர் மகனின் கவலை. அக்கவலையில் நியாயம் இருக்கிறது. புதன்கிழமைகளில் பேரன் போகிறான்.

சென்ற வாரம் ஒரு தாளில் பதினோரு ஆங்கிலச் சொற்களை எழுதிக்கொண்டு வந்து தமிழ் கேட்டான். எலும்பு முறிவு, ஒப்புதல், பராமரிப்பாளர் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டு சொற்களுக்கு எனக்கே தெரியவில்லை. நாளை வா என்று சொல்லி அனுப்பினேன்.