எவ்வளவு தருவாங்க சார்?

செப்டம்பர் 30 வந்தால் தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் பிறந்தநாள். 2003இல் தொடங்கியது. அதைச் சாக்கிட்டு ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். என்னைப் பற்றி இரண்டு வரி நானே சொல்ல வேண்டுமாம். "பள்ளியில் வேதியியல் ஆசிரியர். இரவில் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுகிறேன், பிறர் எழுதியதைத் திருத்துகிறேன்" என்றேன்.

முன்வரிசையிலிருந்து ஒரு பேராசிரியர், "கட்டுரைக்கு எவ்வளவு தருவாங்க சார்?" என்றார். ஒன்றும் தரமாட்டார்கள் என்றதும் அவர் முகத்தில் ஓர் இரக்கம். "அப்போ எதுக்கு?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது மைக் இல்லாமலே எனக்குக் கேட்டது.

பிறந்தநாள் கதையைத்தான் இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். ஆரம்ப நாட்களில் தனியாளாகக் கட்டுரைகளை எழுதிக் குவித்த இலங்கைக் கட்டடக் கலைஞர் மயூரநாதன், 2017இல் எட்டிய லட்சமாவது கட்டுரை, நாங்கள் கூடிப் பேசும் 'ஆலமரத்தடி'ப் பக்கத்துச் சண்டைகள் எல்லாம் குறித்து வைத்திருந்தேன். அந்த "எதுக்கு" வந்து கெடுத்துவிட்டது. அதற்கு என் பதிலை வழக்கமான வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள்: ஆம், மறுபடியும் 'அபிதான சிந்தாமணி' என்ற பழைய தமிழ்க் கலைக்களஞ்சியம்தான்.

அதைத் தொகுத்த ஆ. சிங்காரவேலு முதலியார் சென்னை பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியர். பகலில் வகுப்பு, மிச்ச நேரத்தில் புராணம், இலக்கியம், அரசர், புலவர், தலம், விரதம், மூலிகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் அகரவரிசையில் அடுக்கினார். பல்லாண்டு உழைப்பு. யாரும் கேட்டுச் செய்ததல்ல. எழுதி முடித்தபின் அச்சிடப் பணமில்லை. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் கை கொடுக்க, 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியே புத்தகம் வந்தது. முதலியார் அதோடு விட்டாரா? அடுத்த பதிப்புக்காகக் கடைசிவரை சேர்த்துக்கொண்டே இருந்தார். 1931இல் இறந்தார், விரிவான இரண்டாம் பதிப்பு 1934இல் வெளிவந்தது. எங்கள் பாஷையில் சொன்னால், சேமித்த பிறகும் 'தொகு' பொத்தானை விடாத ஆள்.

எங்கள் விதிகளை வைத்து அவரை அளந்தால் பாதிப் பக்கங்களில் 'சான்று தேவை' வார்ப்புருவை ஒட்ட வேண்டியிருக்கும். புராணத்து ராஜாவும் சரித்திரத்து ராஜாவும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். பரவாயில்லை. ஏதாவது ஒன்றைத் தேடிப் போய் வேறு எதையோ படித்துக்கொண்டிருக்கும் சுகத்தை விக்கிப்பீடியாவுக்கு முன்பே எனக்குப் பழக்கியது அந்தப் புத்தகம்.

அவருக்கும் முன்னால், 1902இல், யாழ்ப்பாணத்தில் முத்துத்தம்பிப்பிள்ளை 'அபிதான கோசம்' என்ற இதே வகை நூலைக் கொண்டுவந்துவிட்டார். பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை நடத்திய பெரியசாமித் தூரனும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். அவரைப் பற்றி ஏற்கெனவே இரண்டு வாரம் எழுதி உங்களைப் படுத்தியாயிற்று.

வாத்தியார்களுக்கு ஏன் இந்தப் பித்து? பாடம் நடத்துகிறவனுக்குத் தினமும் ஒரு பையன் எழுந்து ஏதாவது கேட்பான். தெரிந்ததைச் சொல்லலாம், தெரியாததை நாளைக்குச் சொல்கிறேன் எனலாம். அந்த 'நாளைக்கு'த்தான் ராத்திரி உட்காரவைக்கிறது. உப்பளத்தில் உப்பு எப்படிப் படிகிறது என்று ஒரு மாணவி கேட்டதற்காகத் தேடியது அவளோடு போகவில்லை, கட்டுரையாகக் கிடக்கிறது. யாரோ ஒருவர் அதில் என் ஒற்றுப்பிழைகளைத் திருத்திவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கும் யாரும் காசு தரவில்லை.