சபை மாறினால் சொந்தம் அறுந்துவிடுமா?

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. இவை தோல் தொழில் ஊர்கள். இங்குள்ள காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். பல மதத்தாரும் பல சபையாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து தைக்கிறார்கள்.

கையில் சம்பளம் வந்தால், மனதில் கேள்வியும் வரும்!

நகை போடக் கூடாது. சினிமா பார்க்கக் கூடாது. வேறு சபையில் சம்பந்தம் கூடாது. பெண்கள் பிரசங்கம் செய்யக் கூடாது. இப்படிக் கண்டிப்பாகப் பிள்ளைகளை வளர்க்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. அங்கே வளர்ந்த பெண் ஒருநாள், "ஏன் கூடாது?" என்று கேட்கிறாள். பதில் கிடைக்காவிட்டால் வேறு சபைக்குப் போகிறாள்.

உடனே வீட்டில் புயல். "கல்யாணத்தை யார் நடத்துவார்? நாளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்குமா?" என்று பெற்றோர் கலங்குகிறார்கள்.

இப்படிப் போகிறவர்கள் கடவுளை விட்டா போகிறார்கள்?

இரண்டு அண்ணன்கள்

பக்கத்தில் உள்ள திருப்பத்தூரைப் பாருங்கள். 1921-ம் ஆண்டில் இரண்டு டாக்டர்கள் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழர், சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துப் பணக்காரக் குடும்பத்தில் பிறந்த பாரஸ்டர் பேட்டன்.

இவர்களும் பழைய வேலியைத் தாண்டியவர்களே. காரணம்தான் வேறு. வெள்ளைக்காரர் நடத்திய மிஷனில் இந்தியருக்குச் சம இடம் இல்லை. அதை இருவராலும் ஏற்க முடியவில்லை.

மிஷனை விட்டார்கள். இயேசுவை விடவில்லை!

கதர் கட்டினார்கள். ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். கோபுரம் வைத்து ஜெபாலயம் எழுப்பினார்கள். ஜேசுதாசன் 'பெரியண்ணன்' ஆனார்; பேட்டன் 'சின்னண்ணன்' ஆனார். 1932-ல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில், போலீசார் பேட்டனையே அடித்தார்கள்.

சபையும் மாறும்

சபைகளும் அன்று இருந்தபடியே இல்லை. 1947 செப்டம்பர் 27-ந் தேதி பல சபைகள் ஒன்று சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. அந்தத் திருச்சபையில் 2013-ல் புஷ்பலலிதா என்ற பெண்மணி, ஆந்திராவில் உள்ள நந்தியாலின் பேராயர் ஆனார். பெண் பிரசங்கம் செய்யலாமா என்று சில சபைகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன!

பெற்றோர்களே! பிள்ளை சபை மாறினால், "யார் கெடுத்தார்கள்?" என்று தேடாதீர்கள். "இங்கே உனக்கு என்ன கிடைக்கவில்லை?" என்று கேளுங்கள்.

பிள்ளைகளே! உங்களுக்கு முதல் ஜெபம் சொல்லிக் கொடுத்தவள் அம்மா. அவளுடைய சபையை ஏளனம் செய்யாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளுக்கொரு கோவிலுக்குப் போகலாம். மத்தியானம் ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதை எந்த வேதம் தடுக்கிறது?